பழைய படம் ஏதாவது இருக்கிறதா?

நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு வெள்ளை நிழல் தெரிந்துவிட்டால் எல்லோரும் முதலில் கேட்பது, அது என்ன என்றுதான். கூட வந்த மகன் கேட்கிறான். அனுப்பி வைத்த டாக்டர் போனில் கேட்கிறார். நான் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவேன். அது எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். நுரையீரலுக்குள்ளா, நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையிலா, விலா எலும்பிலா, இல்லை அதற்கும் வெளியே தோலிலா? தோலில் இருக்கும் ஒரு மருகூடப் படத்தில் உருண்டைக் கட்டியாக விழும். சட்டையைக் கழற்றிப் பார்த்தாலே தீர்ந்துபோகும் விஷயத்துக்காகச் சென்னை வரை அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இடம் தெரிந்துவிட்டால் யோசனையின் பாதையே மாறிவிடும். நடுத்தர வயதைத் தாண்டி, பீடி பிடிக்கும் ஒருவரின் நுரையீரலுக்குள் புதிதாக ஒரு கட்டி என்றால், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்த பிறகே வேறு எதையும் பேச முடியும். உறையில் இருப்பது என்றால் அங்கே இரண்டு வகை மனிதர்கள் வருவார்கள். ஒரு வகையினருக்கு வேறு உறுப்பிலிருந்து பரவி வந்த புற்று; உறையில் காணும் புற்றுகளில் பெரும்பங்கு இதுதான். இன்னொரு வகையினருக்கு, எண்ணிக்கையில் குறைவு என்றாலும், ஒன்றே ஒன்றாக, தெளிவான விளிம்போடு, பல வருடங்களாக ஓசையின்றி உட்கார்ந்திருக்கும் தீங்கற்ற கட்டி. இந்த இரண்டாம் வகையினரை முதல் வகையில் தள்ளிவிடாமல் காப்பதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

பெரியபாளையத்தில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்வதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஜனப்பன்சத்திரத்தில் திரும்பி ஊத்துக்கோட்டைக்குப் போகும் சாலையில், ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. ஆடி மாதத்தில் பவானி அம்மனுக்கு வேப்பிலை உடுத்தி வரும் கூட்டத்தால் ஊர் நிறைந்திருக்கும். மற்ற மாதங்களில் எங்கள் ஸ்கேன் சென்டருக்கு வருகிறவர்களின் நெஞ்சில் இந்தப் பகுதியின் தொழில் வரலாறே எழுதியிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளில் கம்பி உருட்டுகிறவர்கள், தேர்வாய்க்கண்டிகை ஆலைகளில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள், செங்குன்றம் அரிசி ஆலைகளில் உமித்தூசியில் நின்றவர்கள், சூளையில் கல் அறுத்தவர்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகளுக்காக எங்கள் டெக்னீஷியன் "சாஸ் லோ, ரோக்கோ" என்று இந்தியில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு கட்டளை சரியாகப் போய்ச் சேராவிட்டால் படம் கெட்டுவிடும். ஆறடித் தூரத்திலிருந்து, முதுகுப் பக்கமாகக் கதிரைச் செலுத்தி, மார்பைத் தட்டோடு ஒட்டவைத்து, மூச்சை முழுக்க இழுத்த நிலையில் எடுத்த படம்தான் படம். அரைமூச்சில் எடுத்தால் நுரையீரலின் அடிப்பகுதி முழுக்க மங்கலாகி, இல்லாத நோயெல்லாம் இருப்பதாகத் தோன்றும்.

உறையைப் பற்றி ஒரு வார்த்தை. அது இரண்டு மடிப்பு. உள்மடிப்பு நுரையீரலோடு ஒட்டியிருக்கும். வெளிமடிப்பு விலாக்கூட்டின் உட்புறத்தையும் உதரவிதானத்தையும் மூடியிருக்கும். இடையே மெல்லிய ஈரப்படலம். மூச்சு விடும்போதெல்லாம் ஒன்றின் மேல் மற்றொன்று வழுக்கிக்கொண்டிருக்கும். ஆரோக்கியமாக இருக்கும்வரை எக்ஸ்ரேயில் விலாவோரம் இந்த உறை தெரியவே தெரியாது. தெரிந்தால் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

உறையில் எழும் கட்டியை அதன் விளிம்பு காட்டிக்கொடுக்கும். நுரையீரலுக்குள் இருக்கும் கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் காற்று. ஆகவே சுற்றளவு முழுவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். உறையில் இருக்கும் கட்டிக்கு ஒரு பக்கம்தான் காற்று. மறுபக்கம் நெஞ்சுச் சுவர். கதிர் அதன் புடைப்பைத் தொட்டாற்போல் உரசிச் செல்லும் இடத்தில் கோடு கத்தி போலத் தீட்டியிருக்கும். மற்ற இடத்தில் கரைந்து ஒன்றுமில்லாமல் போகும். ஈரத்தில் புடைத்த சுண்ணாம்புச் சுவரை நேரே நின்று பார்த்தால் புடைப்பு தெரியாது, சுவரோடு கன்னத்தை வைத்து ஓரமாகப் பார்த்தால்தான் தெரியும், கதிருக்கும் அப்படித்தான். பாதி விளிம்பு கூர்மை, பாதி விளிம்பு காணோம் என்றால் கட்டி நுரையீரலுக்கு வெளியே இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

இரண்டாவது அடையாளம், கட்டி நெஞ்சுச் சுவரைச் சந்திக்கும் கோணம். உறையிலிருந்து எழுவது சுவரோடு சரிவாக இணையும், விரிகோணம். நுரையீரலில் தோன்றிச் சுவரைத் தொடுவது குறுங்கோணம் காட்டும். பாடப்புத்தகத்தில் இது ஒரே வரியில் முடிந்துவிடும், ஆனால் நடைமுறையில் அந்த வரியை மட்டும் நம்ப முடியாது. உறைக் கட்டி பெரிதாக வளர வளர நுரையீரலுக்குள் தொங்க ஆரம்பித்து, அதன் கோணமும் குறுகிவிடும். காம்பில் தொங்கும் கட்டிக்குக் கோணமே பொருந்தாது. அதனால் பெரிய கட்டியைப் பார்க்கும்போது அதன் நடுப்பகுதியை விட்டுவிட்டு, சுவரோடு சேரும் இரு நுனிகளையும் பார்ப்பேன். அங்கே உறை மெல்லக் கூம்பி எழுந்திருந்தால் அதன் வேர் உறையில் இருக்கிறது.

இவ்வளவும் விளிம்பை நம்பியே நடக்கிறது. வியூ பாக்ஸில் மாட்டிய படத்தை ஜன்னலோரம் போனில் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது முதலில் சாவது விளிம்புதான். அவசரத்துக்கு அனுப்புகிறார்கள், அதில் தப்பில்லை. உறைக்குள் காற்று புகுந்து நுரையீரல் சுருங்கும் நியுமோதொராக்ஸ் போன்ற அவசரங்களுக்கு அது உயிரைக்கூடக் காப்பாற்றும். ஆனால் உறைக் கட்டியைப் பற்றி அந்தப் போட்டோவை வைத்து எவரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மூலப்படத்தை டைகாம் கோப்பாக அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிய பிறகே நான் வாய் திறப்பேன்.

ஊத்துக்கோட்டைக்கு அப்பாலிருந்து வந்த ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதைத் தாண்டியவர், இளமையில் சூளை வேலை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். வலது நெஞ்சின் அடிப்பாகம் முழுக்க வெள்ளை. "நீர் கோத்திருக்கு" என்று ஊசி போட்டிருக்கிறார்கள். கூட வந்த மகன் சொன்னான்: "ரெண்டு தடவ குத்திப் பாத்தாங்க சார், ஒரு சொட்டுக்கூட வரல. எதுக்கும் இருக்கட்டும்னு டி.பி. மாத்திரை எழுதிக் குடுத்துட்டாங்க."

நம் ஊரில் நெஞ்சில் நீர் என்றால் காசநோய் நினைவுக்கு வருவது இயல்பு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம்தான், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுக் குணமாக முடியும் என்று உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது. அவ்வளவு நோயாளிகள் இங்கே இருந்தார்கள். ஆனால் நினைவுக்கு வருவது வேறு, நிரூபணம் வேறு. ஊசியில் நீர் வரவில்லை என்பதே ஒரு பரிசோதனை முடிவு. உள்ளே இருப்பது நீர் இல்லையோ என்று அந்த இடத்தில் நின்று யோசித்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரேயை மறுபடி பார்த்தேன். நெஞ்சில் தேங்கும் நீர் விலாவோரமாக மேலேறிப் பிறைபோல் வளைந்து நிற்கும். இங்கே மேல் விளிம்பு குவிந்த முட்டு. அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தோம். விலாவிடுக்கில் கருவியை வைத்து, "நல்லா மூச்சு இழுங்கம்மா" என்றதும், சாம்பல் நிறத்தில் திடமாக ஒரு கட்டி உதரவிதானத்தின் மேல் வழுக்கிக் கீழே வந்தது. மூச்சை விட்டதும் மேலே போனது. நெஞ்சுச் சுவரில் ஒட்டிய கட்டி அசையாது. நுரையீரலோடு சேர்ந்து போய் வருகிறது என்றால் அது உள்மடிப்பிலிருந்து பிறந்தது. இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து ஒரு படம் எடுத்தோம். நிழல் இடம் மாறியிருந்தது.

நெஞ்சுக்குள் இடம் மாறும் கட்டியைப் பார்த்தால் மனதில் முதலில் எழ வேண்டிய பெயர், காம்பில் தொங்கும் தனித்த நார்க்கட்டி. இதுபோல் நகரும் பொருள் நெஞ்சில் வேறு அதிகமில்லை. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிளெம்பரரும் ராபினும் 1931இல் உறைக்கட்டிகளைப் பிரித்து எழுதியதிலிருந்து இது தனியாக அறியப்படுகிறது. ஏறக்குறைய ஐந்தில் நான்கு உள்மடிப்பிலிருந்து எழும். பலவற்றுக்குக் காம்பு இருக்கும். ஆணும் பெண்ணும் சரிசமம். பெரும்பாலும் ஐம்பதிலிருந்து எழுபது வயதுக்காரர்கள். புகைபிடித்தலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கல்நாருக்கும் சம்பந்தமில்லை. பழைய புத்தகங்களில் இதை மீசோதீலியோமாவின் சாதுவான வடிவமாக எழுதி வைத்ததால் பல குடும்பங்கள் வீணாக நடுங்கியிருக்கின்றன. உண்மையில் இது உறையின் மேற்படலத்துக்கு அடியிலுள்ள நார்த்திசுவிலிருந்து வருவது. மீசோதீலியோமா மேற்படலத்தின் புற்று. இரண்டும் வேறு வேறு.

அந்த அம்மாவின் கைவிரல்களைக் காட்டச் சொன்னேன். நகங்கள் உருண்டு, விரல்நுனிகள் தடித்திருந்தன. கணுக்கால் வலிக்கு வருடக்கணக்காகத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாராம். பெரிய நார்க்கட்டி உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த நகவீக்கமும் எலும்பு, மூட்டு வலியும் வரும்; கட்டியை எடுத்துவிட்டால் தணியும். எக்ஸ்ரே படிப்பவனுக்கு விரல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. படம் கேட்கும் கேள்விக்குப் பல சமயம் விரலில் பதில் இருக்கிறது.

இன்னொன்றும் கேட்டேன்: விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, மயக்கம் வந்து, சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் சரியாகிறதா? அவருக்கு அப்படி இல்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டும். 1930இல் டோகே, பாட்டர் என்ற இருவர் தனித்தனியே இதைக் கண்டெழுதினார்கள். சில நார்க்கட்டிகள் இன்சுலினின் வேலையைச் செய்யும் ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரந்து ரத்தச் சர்க்கரையைப் பாதாளத்துக்கு இறக்கிவிடும். நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே வரும். சர்க்கரை மாத்திரையே சாப்பிடாத ஒருவருக்குச் சர்க்கரை இறங்குகிறது, நெஞ்சில் ஒரு நிழலும் இருக்கிறது என்றால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராமத்தில் இதைச் சாமி வந்துவிட்டது என்றோ வலிப்பு என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

சி.டி. ஸ்கேனில் எதிர்பார்த்தது போலவே இருந்தது. ஒரே கட்டி, மடல் மடலான ஆனால் தெளிவான விளிம்பு, மருந்து ஏற்றியதும் ரத்த ஓட்டத்தால் திட்டுத் திட்டாக ஒளிர்ந்தது. விலா எலும்பு அரிக்கப்படவில்லை. உறையில் வேறு எங்கும் முடிச்சு இல்லை. இதயத்தை ஒட்டிய பக்கம் உறை காகிதமாக மெலிந்தே இருந்தது.

"கேன்சரா சார்?" என்று மகன் கேட்டான். அம்மா கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டது இதுதான்: "பழைய படம் ஏதாவது இருக்குதாம்மா? முன்ன எப்பவாவது ஆபரேஷனுக்கு எடுத்தது?" கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு எடுத்த படம் பீரோவின் மேல் கிடக்கும் என்றார். மகன் மறுநாள் கொண்டுவந்தான். பல வருடத்துக்கு முந்தைய படம். வலது உதரவிதானத்துக்குச் சற்று மேலே, ஒரு நெல்லிக்காய் அளவுக்கு, பாதி விளிம்பு தெரிந்த ஒரு சிறு புடைப்பு. அதோடு இருந்த அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இப்போது அது முக்கியமில்லை. முக்கியமானது, இத்தனை வருடத்தில் அது மெதுவாக வளர்ந்திருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை என்பது. எந்த ஸ்கேன் இயந்திரமும் தர முடியாத தகவல் அது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் கடந்துபோன வருடங்களை இன்று படமெடுக்க முடியாது.

படத்தை வைத்து மட்டும் இது நல்ல கட்டி என்று கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது. பத்துக்கு ஒன்றிரண்டு நார்க்கட்டிகள் கெட்ட குணம் காட்டும். பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய அளவு, உள்ளே அழுகிய பகுதிகள், கூடவே நிறைய நீர், இவை இருந்தால் எச்சரிக்கை கூட வேண்டும். ஊசியால் திசு எடுத்து நோய்க்கூறு நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அங்கே இன்று உறுதியான ஒரு சோதனை இருக்கிறது. 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையன் என்ற தமிழ்ப் பெயர் கொண்ட நிபுணரின் குழு, இந்தக் கட்டியின் செல்களில் நாப்2, ஸ்டாட்6 என்ற இரு மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டது. அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்களும் அதையே கண்டார்கள். இப்போது ஸ்டாட்6 புரதத்துக்குச் சாயமேற்றிப் பார்த்தால், செல்லின் உட்கருவில் அது பளிச்சென்று தெரியும். பிற கட்டிகளிலிருந்து இதைப் பிரித்துவிடலாம்.

அந்த அம்மாவுக்குச் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி காம்போடும், காம்பு இருந்த இடத்து நுரையீரலின் சிறு விளிம்போடும் முழுதாக வந்தது. நார்க்கட்டி என்று உறுதியானது. டி.பி. மாத்திரை நிறுத்தப்பட்டது. கணுக்கால் வலி போய்விட்டது. ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். முழுதாக எடுத்த பிறகும் பத்து வருடம் தாண்டித் திரும்பி வந்த நார்க்கட்டிகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன.

கொழுப்புக் கட்டி விஷயத்தில் இவ்வளவு சிரமமில்லை. கும்மிடிப்பூண்டியில் கிரேன் ஓட்டும் வேலைக்குத் தேர்வான ஒரு பையனின் மருத்துவப் பரிசோதனைப் படத்தில் விலாவோரம் ஒரு புடைப்பு. வேலைச் சேர்க்கை நின்றுவிட்டது. சி.டி.யில் அதன் அடர்த்தியை அளந்தோம். ஹவுன்ஸ்ஃபீல்டு அலகில் தண்ணீர் சுழியம். கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் நூறு. அவனுடையது முழுக்க ஒரே சீராகக் கொழுப்பு. மூச்சை இழுத்தும் விட்டும் எடுத்தால் உருவமும் லேசாக மாறியது. மிருதுவான பொருள் அப்படித்தான் செய்யும். அதற்கு ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம். வேலைக்குத் தகுதி என்று எழுதிக்கொடுத்தேன். கொழுப்போடு தடித்த சதைத்திட்டுகள் கலந்திருந்தால்தான் விசாரணை தொடர வேண்டும். உடல் பருத்தவர்களுக்கு இருபுறமும் ஒரே மாதிரி விலாவோரக் கொழுப்பு படிந்து உறை தடித்ததுபோல் காட்டும். அது கட்டியே இல்லை.

நுரையீரல் மடல்களுக்கு இடையிலான பிளவில் நீர் தேங்கினால் அச்சு அசலாகக் கட்டிபோலவே நிற்கும். இருமுனையும் கூம்பி, நடுவில் புடைத்து, பிளவின் கோட்டில் படுத்திருக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு வருவது. நீர் பிரியும் மாத்திரையில் சில நாளில் மறைந்துவிடும். மறைந்துபோகும் கட்டி என்றே அதற்குப் பெயர். இதயம் பெருத்திருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் இவர்களைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பிவிடக் கூடாது.

கெட்டதன் அடையாளங்களையும் சொல்லிவிட வேண்டும். 1990இல் லியுங் குழுவினர் சி.டி. படங்களை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையைத்தான் இன்றும் பின்பற்றுகிறோம். உறை நுரையீரலை முழு வளையமாகச் சுற்றித் தடித்திருப்பது, முடிச்சு முடிச்சாக இருப்பது, வெளிமடிப்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்திருப்பது, இதயத்தை ஒட்டிய பக்கமும் பாதிக்கப்பட்டிருப்பது. இந்த நான்கில் ஏதாவது இருந்தால் நான் ஆறுதல் வார்த்தை எதையும் அறிக்கையில் எழுதமாட்டேன். அன்றே டாக்டரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன். நல்லதை நல்லது என்று தைரியமாகச் சொல்லும் உரிமை, கெட்டதைத் தாமதமின்றிச் சொல்பவனுக்கு மட்டுமே உண்டு.

இந்தப் பகுதியில் கட்டி என்று பயந்து வருபவர்களில் பலருக்கு இருப்பது கட்டியே அல்லாத உறைத் திட்டுகள். பழைய காசநோயோ சீழோ ஆறிய தழும்பு என்றால் ஒரு பக்கம் மட்டும், தடித்த சுண்ணாம்புத் தகடாக, அந்தப் பக்க விலாக்கள் நெருங்கி, நுரையீரல் சுருங்கி இருக்கும். கல்நார்த் திட்டு வேறு மாதிரி. இரண்டு பக்கமும், விலாவின் உட்புறத்தில் பின்பக்கவாட்டிலும் உதரவிதானத்தின் மேட்டிலும் தனித்தனித் தீவுகளாகப் படியும். உச்சியையும் கீழ்மூலையையும் பெரும்பாலும் தொடாது. முதல் தூசு பட்டு இருபது, முப்பது வருடம் கழித்தே தெரியும்.

கொதிகலனுக்கும் குழாய்க்கும் கல்நார்க் கயிறு சுற்றியே ஓய்வுபெற்ற ஒரு ஃபிட்டர் ஐயா, நெஞ்சு முழுக்கப் பரவிவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, பிள்ளைகளுக்குச் சொத்தைப் பிரித்து எழுதும் ஏற்பாட்டில் இறங்கிவிட்டு வந்தார். படத்தில் இருந்தது இந்தத் தீவுகள். அவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். இந்தத் திட்டு புற்றல்ல, புற்றாக மாறுவதும் இல்லை. ஆனால் உங்கள் நெஞ்சுக்குள் கல்நார்த் தூசு போயிருக்கிறது என்பதற்கு இது சாட்சி. ஆகவே பீடியை இன்றே விடுங்கள், வருடாவருடம் காட்டுங்கள், எங்கே எத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். முதல் விஷயத்தை மட்டும் சொல்லி அனுப்பினால் அது பாதி உண்மை. இந்தியாவில் வெள்ளைக் கல்நாரை இறக்குமதி செய்து சிமென்ட் கூரைத் தகடு செய்வது இன்னும் தடை செய்யப்படவில்லை. ஆகவே இந்தத் திட்டுகளை அடுத்த தலைமுறையின் படங்களிலும் பார்க்கப்போகிறோம்.

இங்கேதான் பழைய படத்தின் அருமை மறுபடி வருகிறது. எங்கள் பகுதித் தொழிலாளிக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. வேலைக்குச் சேரும்போது ஒரு நெஞ்சுப் படம், ஆபத்தான பிரிவு என்றால் குறிப்பிட்ட இடைவெளியில் இன்னும் சில. இருபது வருடம் வேலை பார்த்தவரின் நெஞ்சுக்கு இருபது வருட வரலாறு எங்கோ ஓர் உறைக்குள் இருக்க வேண்டும். கேட்டால் இருப்பதில்லை. ஒப்பந்தக்காரர் மாறிவிட்டார், அலமாரி காலி செய்தார்கள், வெள்ளி எடுக்க எடைக்குப் போட்டுவிட்டார்கள். வீட்டிலிருக்கும் படமோ கிரகணம் பார்க்கப் போய்விடுகிறது. அது கண்ணுக்கும் கேடு, நெஞ்சுக்கும் கேடு.

கல்நார் ஆலைத் தொழிலாளர் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள், அல்லது ஓய்வுபெற்ற பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் சேர்த்த பிரிவும், ஆபத்தான வேலையில் இருப்பவரின் மருத்துவப் பதிவு அவர் பார்க்கக் கிடைக்க வேண்டும் என்றது. அந்தப் பதிவுகளில் மிகக் குறைந்த இடம் பிடிப்பதும் மிக நீண்ட காலம் பேசுவதும் நெஞ்சுப் படம்தான். இப்போது எல்லாம் டிஜிட்டல். ஒரு தொழிற்சாலையின் மொத்தத் தொழிலாளர் படங்களும் கைக்குள் அடங்கும் ஒரு வட்டில் அடங்கிவிடும். சேமிக்க இடமில்லை என்று இனி எவரும் சொல்ல முடியாது.

தொழிற்சாலை மருத்துவ அதிகாரிகளிடம் என் வேண்டுகோள்: முகாமில் எடுத்த படத்தின் நகலை, தேதியும் பெயரும் தெரியும்படி, தொழிலாளியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அறிக்கைத்தாள் மட்டும் போதாது. நாளைக்கு ஒப்பிடப் படம்தான் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது இன்னும் அவசியம். ஒடிசாவுக்குத் திரும்பிப் போனபின் அவர் யாரிடம் வந்து கேட்பார்?

படம் எடுத்துக்கொண்டவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பிலிமை அடுப்படிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இப்போது வரும் பிலிம் சூட்டில் கறுத்துவிடும். மடிக்காமல், உறைக்குள், பீரோவின் உள்ளே வையுங்கள். செல்போனில் வரும் இணைப்பு சில மாதத்தில் காலாவதியாகிவிடலாம், அதற்குள் டைகாம் கோப்பை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை எங்கே நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கப் போனாலும், பெரியபாளையமோ சென்னை ஸ்டான்லி மருத்துவமனையோ, டாக்டர் கேட்பதற்கு முன் அந்தப் பழைய படத்தை எடுத்து அவர் மேஜை மேல் வையுங்கள்.